வெந்துவிட்டதா என்று பார்ப்பவர்

மூடியிருப்பதை மூடியிருக்க விடாத ஓர் இனம் நம் நடுவே வாழ்ந்து வருகிறது. பார்ப்பதற்கு நம்மைப் போலவே இருக்கும். இரண்டு கை, இரண்டு கால், ஒரு மூக்கு, எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் மூடி என்று ஒன்றைக் கண்டுவிட்டால் போதும், கை அரிக்க ஆரம்பித்துவிடும். அடுப்பில் சட்டி கொதித்தால் மூடியைத் தூக்கும், காயத்துக்குக் கட்டுப் போட்டால் ஆறிவிட்டதா என்று மறுநாளே பிரிக்கும், தொட்டியில் விதை போட்டால் முளைத்துவிட்டதா என்று விரலால் கிளறி, முளைக்கலாம் என்றிருந்த விதையையும் மனம் மாறச் செய்யும், அசந்து தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி, "தூங்கிட்டியா?" என்று கேட்கும். ஏன் இப்படி என்று கேட்டுப் பாருங்கள். "சும்மா பாத்தேன்" என்று பதில் வரும். இந்தச் சும்மாவினால் உலகத்தில் கெட்டுப்போன காரியங்களுக்குக் கணக்கே கிடையாது.

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் என்னோடு ஒரு பட்டறைக்கு வாருங்கள். லாரி திரும்ப இடமில்லாத ஒரு தெருவின் கடைசியில், தகரக் கூரையும் புகை படிந்த ஜன்னல்களுமாக நிற்கிறது அது. அங்கே உலைக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். நேரத்துக்கு வருவார், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். புருவம் மட்டும் பாதிதான் இருக்கும். மீதியை உலை வாங்கிக்கொண்டது. பட்டறையில் அவருக்குக் கதவண்ணன் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு துணிந்து நேரிலேயே கூப்பிட்டார்கள். அவர் அதைப் பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பட்டறையில் டைட்டானியத் தகடுகளுக்குத் தோல் போர்த்துகிறார்கள். ருத்தேனியம், இரிடியம் என்று, பெயரைச் சொல்லும்போதே விலை ஏறுகிற இரண்டு உலோகங்கள் உண்டு. அவற்றின் உப்பை ஆல்கஹாலில் கரைத்தால் கடுங்காப்பி நிறத்தில் ஒரு கரைசல் கிடைக்கும். அதைப் பிரஷ்ஷால் தகட்டில் மெல்லிசாக ஒரு கை பூசி, உலரவைத்து, உலைக்குள் ஏற்றுவார்கள். உள்ளே இருக்கிற சூட்டில் ஒரு காகிதத்தைக் காட்டினால் கேட்காமலேயே பற்றிக்கொள்ளும். அந்தச் சூடு பட்டதும் உப்பு தன் பழைய குணத்தை விட்டுவிட்டு, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து, இரண்டு உலோகமும் ஒன்றாய்க் கலந்த கறுப்பு ஆக்சைடு படலமாகி, தகட்டோடு தகடாக ஒட்டிக்கொள்ளும். தலைமுடியைவிட மெல்லிசு. எடுத்து ஆறவைத்து மறுபடி பூச்சு, மறுபடி சூடு. இப்படிப் பூச்சின் மேல் பூச்சாக ஏற்றி முடித்த பிறகு, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசியாக நீளமான ஒரு வேக்காடு. அதையும் தாண்டி வந்த தகடுதான் மின்முனை. உப்புத் தண்ணீரில் நிறுத்தி மின்சாரம் கொடுத்தால், குடிதண்ணீரில் கிருமியைக் கொல்கிற குளோரினை வருஷக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதில் மனிதனுக்கு என்ன வேலை? பூசுவது, ஏற்றுவது, இறக்குவது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் நடுவே, கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பது. கேட்பதற்கு எவ்வளவு சுகமான உத்தியோகம்! செய்து பாருங்கள் தெரியும்.

கதவண்ணன் செய்து பார்த்தவர்தான். தகடுகளை ஏற்றிக் கதவைச் சாத்தியதும், இன்றைக்குத் திறப்பதே இல்லை என்று முடிவு செய்வார். அது உண்மையான முடிவு. நாற்காலியைப் போட்டு உட்கார்வார், மீட்டரில் சூடு ஏறுவதைப் பார்ப்பார், நல்ல பிள்ளையாகக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார், பிறகு எழுந்து போய்க் கதவின் கைப்பிடி இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார், தொட்ட கையை எடுக்காமலேயே காதைக் கதவருகே கொண்டுபோய் உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பார், சத்தம் கேட்டால் என்ன ஆச்சோ என்றும் கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்றும் பதறுவார், மூக்கை உறிஞ்சி வாசனை பிடிப்பார், அக்கம் பக்கம் பார்ப்பார், கடைசியில் ஒரு விரற்கடை, ஒரே ஒரு விரற்கடை, கதவைத் திறப்பார். உலை பெருமூச்சு விடும். மீட்டரில் சூடு சரசரவென்று இறங்கும். உள்ளே தகடுகள் எப்போதும்போல் நின்றுகொண்டிருக்கும். திருப்தியோடு மூடுவார். அரைப் புருவத்தில் இன்னும் ரெண்டு முடி குறையும்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாசம்தான் காரணம். தான் பார்க்காத நேரத்தில் நல்லது நடக்கும் என்று அவரால் நம்ப முடியாது, பாவம், அவ்வளவுதான். ஆனால் வெந்துகொண்டிருக்கிற பூச்சுக்குப் பாசம் புரியுமா? சூடு இறங்கினால் உப்பில் ஒரு பங்கு ஆக்சைடாக மாறாமல் அப்படியே தங்கிவிடும். அரைவேக்காட்டின் மேல் அடுத்த பூச்சு, அதன் மேல் இன்னொரு அரைவேக்காடு. மேலுக்குப் பார்த்தால் கறுகறுவென்று லட்சணமாக இருக்கும். ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தால், தகட்டின் கறுப்பு நாடாவோடு வந்துவிடும்.

போன தடவை நாடாவோடு வரவில்லை. அதைவிட மோசம். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிக்குள் மாட்டி, மின்சாரமும் கொடுத்த பிறகு செதில் செதிலாக உரிந்து மிதந்தது. அங்கிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. முதலாளி அந்தப் போனை வைத்த விதத்திலேயே பட்டறை முழுக்கச் செய்தி தெரிந்துவிட்டது.

அதே நிலையத்துக்குப் புதிதாகத் தகடுகள் தயாராயின. பூச்சுப் போடுகிற பெண்கள் வாரம் முழுக்கக் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. ஒவ்வொரு பூச்சும் வேகிற நேரத்தில் கெமிஸ்ட் மேடம் உலைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். கரைசலைக் கலப்பவர் அவர்தான். உரிந்தால் பழி பாதி அவர் தலையிலும் விழும். நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர், பேசினால் அப்புறம் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது. மிச்சம் இருந்தது கடைசி வேக்காடு ஒன்றுதான். அன்று காலை முதலாளி கதவண்ணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு சாயங்காலம் வண்டி வருது. இந்தத் தடவையும் சொதப்பினா அவங்க வேற இடம் பாத்துக்குவாங்க. இங்க பாதி பேருக்கு வேலை இருக்காது. புரியுதா?"

"புரியுது சார்."

"நீங்க இன்னிக்கு அந்தக் கதவைத் திறந்தீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது, நாளையிலேர்ந்து நீங்க பேக்கிங் செக்ஷன். பேச்சே கிடையாது."

பேக்கிங் செக்ஷன்! நாள் பூராவும் பெட்டியை மூடி, மூடியதன் மேல் நாடா ஒட்டி, ஒட்டியதைத் திரும்பிப் பார்க்காமல் அனுப்பிவிட வேண்டும். கதவண்ணனைப் போன்றவருக்கு அதைவிட வேறு நரகம் தேவையில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்த உலையோடு இருந்தவர். தன் மனைவியிடம்கூட அவர் அத்தனை வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குச் செத்தாலும் கைப்பிடியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு திரும்பி வந்தார்.

வந்து பார்த்தால் உலைக் கதவு சாத்தியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டர் உச்சத்தில் நின்றது. தகடுகள் வைத்திருந்த மேஜை காலி.

"ஏத்தியாச்சுண்ணே" என்றார் கெமிஸ்ட் மேடம். "நான் வந்து சொல்ற வரைக்கும் திறக்காதீங்க." சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். காவலும் இல்லை, நாற்காலியும் இல்லை. தன்னை நம்பிவிட்டார்களே என்று கதவண்ணனுக்குக் கண் கலங்கியது.

அந்த நெகிழ்ச்சி எவ்வளவு நேரம் தாங்கியது என்று கேட்காதீர்கள். மனிதர் உண்மையாகவே போராடினார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். உலை இல்லாத பக்கமாக நடந்தார். அந்த அறையில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் உலைக்குத்தான் வந்து சேர வேண்டியிருந்தது. இது கடைசி வேக்காடு ஆயிற்றே, பட்டறையே இதை நம்பித்தானே இருக்கிறது, இப்படிப்பட்ட நாளில் பார்க்காமல் இருப்பதுதானே பொறுப்பில்லாத்தனம்? இந்த இனத்துக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. திறப்பதற்கு எப்போதும் நியாயமான காரணம் இருக்கும். ஒரு விரற்கடைதான் திறந்தார்.

உள்ளே ஒன்றுமில்லை.

சிவந்த கம்பிச் சுருள்கள் இருந்தன. தகடுகளை நிறுத்தி வைக்கிற தாங்கி இருந்தது. தாங்கியில் ஒரு தகடுகூட இல்லை. மூடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தார். இப்போதும் இல்லை. மூன்றாவது முறை எதற்காகத் திறந்தார் என்று அவருக்கே தெரியாது. ஒருவேளை அதற்குள் வந்திருக்குமோ என்று நினைத்தாரோ என்னவோ.

உருகிப் போயிருக்குமோ? டைட்டானியம் இந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. களவு போயிருக்குமோ? பட்டப்பகலில், கொதிக்கிற உலையிலிருந்தா? அப்படியானால் ஏற்ற மறந்துவிட்டார்கள். ஏற்றியாச்சு என்று நினைத்துக்கொண்டு கெமிஸ்ட் மேடம் வெறும் உலையை மூடிவிட்டுப் போயிருக்கிறார். தகடுகள் எங்கோ ஒரு மூலையில் பச்சையாகக் கிடக்கின்றன. வண்டியோ சாயங்காலம் வருகிறது. உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்!

இரண்டடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னவென்று சொல்வது? உள்ளே ஒன்றுமில்லை என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே! இத்தனை வருஷமாகத் திறந்து திறந்து பார்த்தவர், ஒன்றும் கெடாமலிருக்கும்போதெல்லாம் பார்த்தவர், முதல்முறையாகப் பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்கிறார். வாயைத் திறக்க முடியவில்லை.

சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்க்கலாம் என்று கெமிஸ்ட் மேடத்தின் அறை வாசலில் போய் நின்றார்.

"மேடம், பிளேட்டெல்லாம் நல்லாருக்கும்ல?"

"இருக்கும்."

"இல்ல, சும்மா கேட்டேன். எல்லாத்தையும் ஏத்திட்டீங்கல்ல?"

"ஏத்தியாச்சு."

"ஏத்தினதுன்னா... உள்ளதானே வெச்சீங்க?"

"பின்ன வெளியவா வெப்பாங்க?"

"அதுக்கில்ல மேடம். சில சமயம் மனுஷனுக்கு மறதி..."

கெமிஸ்ட் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "அண்ணே, திறந்தீங்களா?"

"சேச்சே!"

"அப்ப போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். வெறும் உலைக்குக் காவல். வழியில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இன்னிக்கு இவ்ளோ அமைதியா இருக்கீங்க, பெரிய விஷயம்தான்!" என்று பாராட்டிவிட்டு வேறு போனார்கள். ஒவ்வொரு பாராட்டும் நெஞ்சில் குத்தியது. தாங்க முடியாமல் மனைவிக்குப் போன் போட்டு, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார்.

"உள்ள ஒண்ணுமே இல்லடி. யாருக்கும் தெரியாது."

"நீங்க திறந்தீங்களா?"

"நான் எங்க திறந்தேன்?"

"திறக்காம எப்படிங்க தெரிஞ்சுது?"

பார்த்தீர்களா, வீட்டிலிருந்தும் அதே கேள்வி. அந்த அம்மாளே தொடர்ந்து சொன்னார்: "ஏங்க, பேக்கிங்ல போட்டா போடட்டும். அத்தனை பேரு வேலை போச்சுன்னா அப்புறம் நீங்க ராத்திரி தூங்குவீங்களா? தூங்கிட்டீங்களான்னு என்னைத்தான எழுப்பிக் கேப்பீங்க. போய்ச் சொல்லிடுங்க."

எழுந்தார். சிரிப்பதற்கு இது இடமில்லை. அந்த மனிதர் முதலாளியின் அறை வரைக்கும் நடந்த நடையை நான் மதிக்கிறேன். இப்போது சொன்னால் தகடுகளைத் தேடி எடுத்து ஏற்ற நேரமிருக்கிறது. சொல்லாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அவர் உலைப் பொறுப்பாளர், அதற்குப் பிறகு பட்டறை எப்படியோ. பூச்சு மேஜையைத் தாண்டும்போது, கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். நடையை எட்டிப் போட்டார்.

"சார், திறந்துட்டேன்."

முதலாளி முகம் சிவந்தது. "என்ன சொன்னீங்க?"

"திறந்துட்டேன் சார். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. என்னை எங்க வேணா போடுங்க. ஆனா உள்ள ஒண்ணும் இல்ல. பிளேட்டை ஏத்த மறந்துட்டாங்க. இப்ப ஏத்தினாக்கூட வண்டிக்கு ரெடி ஆயிடும்."

முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இருவரும் ஓட்டமும் நடையுமாகக் கெமிஸ்ட் மேடத்தின் அறைக்குப் போனார்கள். அவர் நிதானமாக எழுந்து, அறையின் ஓரத்தில் சோதனைக்காக வைத்திருந்த சின்ன உலையைக் காட்டினார். அதிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பிளேட் எல்லாம் இதுல இருக்கு சார். நெருக்கிப் பிடிச்சு வெச்சேன். பெருசுல ஒண்ணும் இல்ல. அண்ணன் திறந்து பாக்கறதுக்காகச் சூடு பண்ணி வெச்சேன். கரண்ட் செலவு கொஞ்சம் ஆகும்."

கதவண்ணனுக்கு முதலில் உயிர் வந்தது. அடுத்து மானம் போனது. இரண்டையும் ஒருசேர அனுபவிக்க நேரம் கிடைக்கவில்லை. ஏனென்றால் முதலாளி, "அப்பாடா! இதுலயா இருக்கு? எங்க?" என்றபடி சின்ன உலையின் கைப்பிடியில் கையை வைத்துவிட்டார்.

"சார்!" என்று கெமிஸ்ட் மேடம் கத்துவதற்குள், கதவண்ணன் பாய்ந்து குறுக்கே விழுந்து, கதவின் மேல் முதுகைச் சாய்த்து நின்றார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டார். சட்டையைத் தாண்டிச் சூடு முதுகைக் கடித்தது.

"கைய எடுங்க சார்!"

பட்டறை ஸ்தம்பித்தது. அந்தக் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"என்னய்யா இது, தள்ளு. சும்மா ஒரு தடவை பாத்துட்டு மூடிடறேன்."

"அப்படித்தான் சார் நானும் சொல்லுவேன்!"

"ஒரு நிமிஷம்யா. பிளேட் இருக்கான்னு தெரிய வேணாமா?"

"இருக்கும் சார். பாத்தாதான் போயிடும். நான் பாத்துப் பாத்துத்தான் சார் போன தடவை அத்தனையும் போச்சு." அதை அவர் இதுவரை தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

முதலாளி கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார். கெமிஸ்ட் மேடம் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு அறையைச் சாத்தினார். பிறகு நெடுநேரம் வரைக்கும் அந்த அறை வாசலில் இரண்டு பேர் உலாத்திக்கொண்டிருந்தார்கள். "இன்னும் எவ்வளவு நேரம்யா ஆகும்?" என்று ஒருவர் கேட்பதும், "பேசாம இருங்க சார்" என்று மற்றவர் அதட்டுவதுமாகப் பொழுது போயிற்று.

வேக்காடு முடிந்து, தகடுகள் ஆறி, மேஜைக்கு வந்தன. கெமிஸ்ட் மேடம் நாடாவை ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து, வெடுக்கென்று இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பொட்டுக் கறுப்பில்லை. பூச்சுப் பெண்களில் ஒருத்தி கைதட்டினாள். கதவண்ணன் அந்த நாடாவை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அழுதே விட்டார். வண்டி நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போயிற்று. பேக்கிங் செக்ஷன் என்ற பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவரும் கைப்பிடியைத் தொட்டுவிட்டாரே!

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். பெரிய உலையில் அடுத்த வேலை ஏறியபோது முதலாளி ஏதோ தேடுவது போல இரண்டு மூன்று முறை அந்தப் பக்கம் வந்தார். ஒவ்வொரு முறையும் கதவண்ணன் கையை விரித்துக்கொண்டு எழுந்து நிற்க, அவர் திரும்பிப் போனார். கடைசி முறை போன பிறகு, உண்மையிலேயே போய்விட்டாரா என்று கதவண்ணன் கதவைத் திறந்து பார்த்தார். உலைக் கதவை அல்ல, அறைக் கதவை. அந்த அளவுக்கு முன்னேற்றம்தான்.

நல்லவேளை, நமக்கு இந்த வியாதியெல்லாம் கிடையாது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். 'உள்ளே ஒன்றுமில்லை' என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்த இடத்தில், தகடுகள் எங்கேதான் போயின என்று தெரிந்துகொள்ள உங்கள் கண் நாலைந்து பத்திகளைத் தாண்டிக் கீழே ஓடிவிட்டு, பிறகு ஒன்றும் தெரியாதது போல் மேலே திரும்பி வரவில்லையா? எனக்குத் தெரியும். நான் பக்குவமாகத்தான் கதையை வேகவைத்துக்கொண்டிருந்தேன்; நடுவில் திடீரென்று குளிர்காற்று அடித்தது.